கிணறு வெட்டச் சொன்ன வைத்தியர்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிக்க வசதியாகச் சுருக்கியது.)

இன்னிக்கு ஒரு பழைய பிரிஸ்கிரிப்ஷன்ல இருந்து ஆரம்பிக்கலாம். எவ்வளவு பழசுன்னா, ரெண்டாயிரம் வருஷம் முன்ன பின்ன இருக்கும்.

சுஷ்ருத சம்ஹிதைனு ஒரு மருத்துவ நூல் கேள்விப்பட்டிருப்பீங்க. மூக்கு அறுவை சிகிச்சைக்காக எல்லாரும் அதைச் சொல்லுவாங்க. அதுல சிகிச்சைப் பகுதியோட 11-ஆவது அத்தியாயம் பிரமேகம் பத்தினது. நாம இன்னிக்கு சுகர்னு சொல்றதும் அந்தக் குடும்பத்துலதான் வருது. நோய் முத்திப்போனா என்ன பண்ணணும்னு அங்க எழுதியிருக்கு. வசதி இருக்கிறவர் மல்யுத்தம் பண்ணலாம், யானை மேல போகலாம், குதிரை ஓட்டலாம், தேர் ஓட்டலாம், ஆயுதப் பயிற்சி எடுக்கலாம். காசு இல்லாதவரா? செருப்பும் குடையும் இல்லாம, பிச்சை எடுத்துச் சாப்பிட்டு, ஒரு ஊருக்கு ஒரு ராத்திரி மட்டும் தங்கி, 100 யோஜனை தூரம் நடக்கணும். அதுக்கு மேல நடந்தாலும் சரி. யோஜனைக்குக் குறைஞ்ச கணக்கு வச்சாலும் 800 கிலோமீட்டர் வருது. எங்க ஊர்ல இருந்து சென்னைக்கு நடந்தே போய், நடந்தே திரும்பி வர்ற தூரம்.

அது முடியலைன்னா மாடுகளோட சேர்ந்து காட்டுல திரியலாம். பிராமணரா இருந்தா அறுவடை முடிஞ்ச வயல்ல சிந்தின கதிரைப் பொறுக்கிச் சாப்பிட்டு வாழலாம். மத்தவங்க? விடாம ஏர் ஓட்டணும். இல்லைன்னா கிணறு வெட்டணும்.

அந்த 'மத்தவங்க'ங்கிற இடத்துலதான் நம்ம ஆளுங்க வர்றாங்க. இந்த எபிசோட் அவங்களைப் பத்தினது.

நான் சென்னிமலைக்காரன். ஈரோடு மாவட்டம், பெருந்துறைக்கும் காங்கயத்துக்கும் நடுவுல. கந்த சஷ்டி கவசம் அரங்கேறின மலைனு சிலருக்குத் தெரியும், கொடி காத்த குமரன் பொறந்த ஊர்னு சிலருக்குத் தெரியும், மீதிப் பேருக்குப் பெட்ஷீட். இந்த ஊர்ல நின்னு அந்தப் பிரிஸ்கிரிப்ஷனைப் படிச்சா சிரிப்பு வரும். ஏர் ஓட்டுறது, மாடு மேய்க்கிறது, கிணறு வெட்டுறது மூணும் கொங்கு நாட்டுல மருந்து இல்லை, அதுதான் பொழப்பு. மழை கம்மி, ஆத்துப் பாசனம் எல்லா ஊருக்கும் கிடையாது. அதனால பாறையை உடைச்சு ஆழமாக் கிணறு வெட்டினாங்க. அதுல இருந்து கவலை ஏத்தம் போட்டு, மாட்டை முன்னயும் பின்னயும் நடத்தி, கூடவே தாங்களும் நடந்து, பொழுது விடியறதுக்கு முன்னாடியே தண்ணி இறைச்சாங்க.

தறிக்காரங்க வீட்லயும் அப்படித்தான். எங்க அப்பாரு குழித்தறில உக்காந்திருப்பாரு. உக்காந்த வேலைனு பேரு, ஆனா ரெண்டு காலும் மிதிகட்டைல, ரெண்டு கையும் நாடாவுலயும் அச்சுப்பலகைலயும் இருக்கும். பாவு போடணும்னா தெருவே பத்தாது. அதுக்குன்னே பாவடினு ஒரு திடல் இருந்துச்சு. நூலை நீளமா விரிச்சுக் கட்டி, கஞ்சி போட்டு, காயறதுக்குள்ள பிரஷ்ஷை இழுத்துக்கிட்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கணும். வீட்டுப் பொம்பளைங்க தார் சுத்துறது, தண்ணி சேந்துறது, ஆட்டுக்கல்லுல மாவாட்டுறதுன்னு இருந்தாங்க. உடற்பயிற்சிங்கிற வார்த்தைக்கு எங்க அப்பாரு வாழ்க்கைல இடமே இல்லை. சாயங்காலம் ஆனா உடம்பை எங்கடா சாய்க்கலாம்னுதான் பாப்பாரு.

இதை நான் ஏதோ பொற்காலம் மாதிரி சொல்லலை. குழித்தறில முதுகு போனவங்க, முட்டி போனவங்க, நூல் தூசில மூச்சு போனவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. கைத்தறியை ஜிம் மாதிரி ரொமான்டிக்கா எழுதுறவங்க ஒரு வாரம் அதுல உக்காந்து பாக்கணும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: அந்த உழைப்பு இருக்கிற வரைக்கும் இவங்களுக்கு யாரும் 'நடங்க'னு சொல்ல வேண்டிய தேவை இருக்கலை.

அப்போ யாருக்குச் சொன்னாங்க? இதைத் தேடிப் போனப்பதான் எனக்கு விஷயம் சுவாரசியமாச்சு. நவீன மருத்துவத்துல சர்க்கரைக்காரருக்கு உடற்பயிற்சினு அழுத்திச் சொன்ன முதல் ஆட்கள்ல ஒருத்தர், 19-ஆம் நூற்றாண்டு பாரிஸ்ல இருந்த அப்போலினேர் பூஷார்தா. உடம்பு நோக வேலை செய்ற நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுப்படுதுன்னு கவனிச்சு, அதையே சிகிச்சையாச் சொன்னவர். 1870-71-ல பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகை போட்டப்போ ஊரே பட்டினி. தன்னோட நோயாளிகளுக்குச் சிறுநீர்ல சர்க்கரை குறைஞ்சதை அப்பவும் குறிச்சு வச்சவர் இவர்தான்.

இந்தியாவுல? 1907-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெப்ப நாடுகள்ல நீரிழிவு பத்தி ஒரு பெரிய விவாதத்தை வெளியிட்டது. அதுல கல்கத்தா நிறைய வருது. யாருக்கு இந்த நோய் வருதுன்னா படிச்சவங்க, வக்கீல், ஆபீஸ் உத்தியோகஸ்தர், ஜமீன்தார், நல்லாச் சாப்பிட்டு நாற்காலில உக்காந்திருக்கிற வர்க்கம். அந்தக் காலனிய டாக்டர்கள் அதை எழுதின தொனி எனக்குப் பிடிக்கலை, ஏளனம் நிறைய இருக்கு. ஆனா ஒரு படம் அங்க உருவாகுது: சர்க்கரை நாற்காலிக்காரன் வியாதி, உடற்பயிற்சி நாற்காலிக்காரனுக்கான அறிவுரை. இந்தப் படம் ரொம்ப காலம் நிலைச்சுது. இன்னும்கூட நிறைய பேர் மனசுல இருக்கு. 'பாடுபடுறவனுக்கு எதுக்குங்க சுகர் வருது'னு எங்க ஊர்ல இப்பவும் கேப்பாங்க.

இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி இருந்த கொஞ்ச வருஷத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அது கொடூரமானது. அமெரிக்காவுல ஃபிரெடரிக் ஆலன்னு ஒரு டாக்டர். கிட்டத்தட்டப் பட்டினி போடுறதும், கூடவே உடற்பயிற்சியும்தான் அவரோட சிகிச்சை. வேற வழி இல்லாத காலம் அது, சிலரோட ஆயுள் அதனால நீண்டதும் உண்மை. ஆனா எலும்பும் தோலுமா இருந்த பசங்களும் அதே பட்டினிக்குள்ளதான் போனாங்க. இப்ப அந்தப் பழைய பிரிஸ்கிரிப்ஷனுக்குத் திரும்பிப் போங்க. நான் அதோட கடைசி வரியை இன்னும் சொல்லலை. மெலிஞ்சு போன நோயாளியை எப்பவும் பாதுகாக்கணும்னு அங்க இருக்கு. பொறப்புலயே வர்றது ஒண்ணு, சாப்பாட்டுத் தப்பால வர்றது ஒண்ணு, முதல் வகை ஆளு மெலிஞ்சிருப்பான், ரெண்டாவது ஆளு பருத்திருப்பான்னும் அதே நூல் பிரிக்குது. இன்னிக்கு நாம டைப் 1, டைப் 2-னு சொல்ற பிரிவோட அது அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லா நோயாளிக்கும் ஒரே அறிவுரை கிடையாதுங்கிற புத்தி அவங்களுக்கு இருந்துச்சு.

1922 ஜனவரில டொரண்டோவுல லியோனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்கு முதல் தடவையா இன்சுலின் ஊசி போட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு, 1926-ல, லண்டன்ல ஆர்.டி. லாரன்ஸ் ஒரு கட்டுரை எழுதுறார். அவரே சர்க்கரை நோயாளி, இன்சுலினாலதான் உயிர் பிழைச்சவர். உடற்பயிற்சி பண்ணினா இன்சுலினோட வேலை அதிகமாகுதுன்னு அந்தக் கட்டுரைல காட்டினார். இது நல்ல செய்தி, அதே நேரம் எச்சரிக்கையும்கூட. அதே அளவு ஊசி போட்டுட்டு அதிகமா ஓடினா, சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரும். உடற்பயிற்சிக்கு மருந்து மாதிரி டோஸ் உண்டு, பக்க விளைவு உண்டுங்கிற எண்ணத்துக்கு இது முக்கியமான இடம். அதே காலத்துல பாஸ்டன்ல எலியட் ஜாஸ்லின், உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூணையும் ஒரு தேரை இழுக்கிற மூணு குதிரைன்னு சொல்லித் தன் நோயாளிகளுக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தார்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸ் தசைக்குள்ள போறதுக்கு ஒரு கதவு வேணும். சாதாரணமா இன்சுலின் வந்து தட்டினாத்தான் அந்தக் கதவு தசையோட மேற்பரப்புக்கு வரும். டைப் 2-ல இன்சுலின் தட்டுறது, ஆனா உள்ள சரியாக் கேக்கலை. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினைக் கேக்காமலேயே அந்தக் கதவு மேல வந்து திறக்குது. முன்வாசல்ல லாகின் வேலை செய்யலைன்னாலும் உள்ள போக இன்னொரு வழி இருக்கு. வேலையை நிறுத்தினப்புறமும், ஒருநாள், ரெண்டுநாள் வரைக்கும் தசைக்கு இன்சுலின் நல்லாவே கேக்கும். அப்புறம் மறுபடி மந்தமாயிடும். 'ரெண்டு நாளைக்கு மேல தொடர்ச்சியா விடாதீங்க'னு டாக்டர்கள் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். 1948-ல ஸ்டான்லி மருத்துவமனைல பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரைக்குன்னே தனி கிளினிக் ஆரம்பிக்கிறார். 1954-ல ராயபுரத்துல அவரோட மருத்துவமனை வருது. இன்னிக்கு சர்க்கரை ஆராய்ச்சின்னா உலகம் சென்னையைத் திரும்பிப் பாக்குதுன்னா, பெரும்பாலும் அந்த மரத்தோட கிளைகள்தான்.

1972-75-ல ஐ.சி.எம்.ஆர். நாட்டுல பல இடத்துல கணக்கெடுத்துச்சு. நகரத்துல 2.1 சதவீதம், கிராமத்துல 1.5. 1989 வாக்குல ஏ. ராமச்சந்திரன் குழு இங்க தமிழ்நாட்டுல எடுத்த ஆய்வுல சென்னைல 8.2, கிராமத்துல 2.4. சோதிக்கிற முறை வேற வேற, அதனால ரெண்டு ஆய்வையும் நேரா ஒப்பிடக் கூடாது. ஆனா நகரத்துக்கும் கிராமத்துக்கும் இருக்கிற இடைவெளியைப் பாருங்க. அந்த இடைவெளி எங்க அப்பாரு மாதிரி ஆளுங்க நடந்த நடை, இறைச்ச தண்ணி. சாப்பாடும் உண்டு, வயசும் உண்டு, ஆனா உழைப்பு அதுல பெரிய பங்கு.

14 வருஷம் கழிச்சு, 2003-ல, அந்தக் குழு மறுபடி கிராமத்துல கணக்கெடுக்குது. 2.4 இருந்தது 6.4 ஆகியிருக்கு.

நடுவுல என்ன நடந்துச்சு? புத்தகத்துல 'வாழ்க்கை முறை மாற்றம்'னு ஒரு வரில எழுதிடுவாங்க. கொங்கு நாட்டுக்காரனா எனக்கு அது வரிசையா வந்த மெஷினுங்க. 1932-ல பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பிச்சப்புறம் கோவைப் பக்கம் கரண்ட் வந்துச்சு. மில்லு வந்துச்சு, அப்புறம் கிணத்து மேட்டுல பம்ப்செட். அந்த மோட்டாரைச் செஞ்சதும் கோவைதான். கவலை ஏத்தம் போச்சு. 1950-கள்ல கோவைல மாவாட்டுற கிரைண்டர் வந்துச்சு, ஆட்டுக்கல்லு கொல்லைப்புறம் போச்சு. 1980-ல டி.வி.எஸ். 50 வந்துச்சு. ஏர் போய் டிராக்டர். கைத்தறி போய் விசைத்தறி. சென்னிமலைல 1941-ல எம்.பி. நாச்சிமுத்து ஆரம்பிச்ச சென்டெக்ஸ் மாதிரி கூட்டுறவுச் சங்கங்கள் கைத்தறியைத் தாங்கிப் பிடிச்சுது. பெட்ஷீட் மாதிரி ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல சட்டமும் வந்துச்சு. ஆனாலும் பெட்ஷீட் ஊர்ல இன்னிக்குப் பகல் பூரா கேக்கிறது விசைத்தறிச் சத்தம். 1320 படி இருக்கிற எங்க மலைக்கும் மேல வரைக்கும் ரோடு வந்தாச்சு, கோயில் பஸ்ஸும் ஓடுது. விடாம படியேறுறது கோயிலுக்குத் தண்ணி சுமக்கிற காளைதான்.

இதுல ஒரு மெஷினைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். ஆட்டுக்கல்லுல நாலு படி மாவு ஆட்டின எங்க ஆத்தாகிட்டப் போய் கிரைண்டர் வந்ததால சுகர் வந்துச்சுனு சொல்லிப் பாருங்க. உலக்கையாலயே அடிப்பாங்க. அந்த உழைப்பு போனது விடுதலைதான். விஷயம் என்னன்னா, உழைப்பு போன இடத்துக்கு ஒண்ணும் வரலை. வந்த இடம் எதுன்னு பாத்தா அங்க இன்னொரு கதை இருக்கு.

1996 வாக்குல சென்னைல வி. மோகன் குழு ரெண்டு குடியிருப்பை எடுத்து ஆய்வு பண்ணுது. ஒண்ணு திருமங்கலம் பக்கம் ஏஷியாட் காலனி, நடுத்தர வர்க்கம். இன்னொண்ணு தி.நகர்ல பாரதி நகர், வருமானம் குறைஞ்சவங்க. ஏஷியாட் காலனில சர்க்கரை 12.4 சதவீதம். பாரதி நகர்ல 6.5. அதாவது அந்தப் பழைய படம், நாற்காலிக்காரன் வியாதிங்கிறது, அப்பவும் சரியாத்தான் இருந்துச்சு. ஆய்வு முடிஞ்சதும் குழு ஏஷியாட் காலனிக்காரங்ககிட்ட, உங்களுக்குச் சர்க்கரை ஜாஸ்தி, உடம்பை அசைக்கணும்னு எடுத்துச் சொல்லுது. அந்த மக்கள் என்ன பண்ணாங்கன்னா, தாங்களே காசு போட்டு ஒரு பார்க் கட்டினாங்க. வாரத்துல மூணு நாளைக்கு மேல உடற்பயிற்சி பண்றவங்க 14.2 சதவீதமா இருந்தது 58.7 ஆச்சு. எனக்குத் தெரிஞ்சு தமிழ்நாட்டுல சுகாதார அறிவுரை இவ்வளவு அழகா வேலை செஞ்ச இடம் ரொம்பக் கம்மி.

பத்து வருஷம் கழிச்சு ரெண்டு இடத்துலயும் மறுபடி கணக்கெடுத்தாங்க. நடுத்தர வர்க்கத்துல 12.4 இருந்தது 15.4. வருமானம் குறைஞ்சவங்ககிட்ட 6.5 இருந்தது 15.3.

இந்த ரெண்டு நம்பரையும் நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. பார்க் கட்டினதாலதான் ஒரு பக்கம் மெதுவா ஏறுச்சுன்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. சாப்பாடு, வருமானம், வேலைன்னு பலதும் மாறியிருக்கும். ஆனா ஒரு பக்கத்துக்கு நோயும் வந்துச்சு, அறிவுரையும் வந்துச்சு, பார்க் கட்டக் காசும் இருந்துச்சு. இன்னொரு பக்கத்துக்கு நோய் மட்டும் சரியா வந்து சேர்ந்துச்சு.

அறிவுரையோட வரலாறுலயே இந்த ஓட்டை இருக்கு. ராமச்சந்திரன் குழு 2006-ல வெளியிட்ட ஒரு ஆய்வு உலகம் பூரா பேர் வாங்கினது. சர்க்கரை வர்ற விளிம்புல இருந்த 531 பேர். சும்மா விட்ட பிரிவுல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துச்சு. சாப்பாட்டை மாத்தி, தினம் 30 நிமிஷம் வேகமா நடக்கச் சொன்ன பிரிவுல 39.3. மாத்திரை கொடுத்த பிரிவுலயும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 40.5. நடக்கிறது மாத்திரைக்குச் சமமா நின்னுச்சு, அதுவும் எடை பெருசாக் குறையாமலேயே. இதுக்கு முன்னாடியே சீனாவுல தாச்சிங் நகரத்துல 1986-ல ஆரம்பிச்ச ஆய்வும், 2001, 2002-ல பின்லாந்து, அமெரிக்கா ஆய்வுகளும் இதே திசையைக் காட்டியிருந்துச்சு. ஆனா இந்தியன் உடம்புக்கும் அது பலிக்குமான்னு சந்தேகம் இருந்துச்சு. சென்னை அதைத் தீர்த்து வச்சுது.

அந்த ஆய்வோட முறையை விவரிக்கிற பகுதில ஒரு வரி இருக்கு. ஏற்கெனவே உடல் உழைப்பு வேலை செய்றவங்க, அரை மணி நேரத்துக்கு மேல நடந்தோ சைக்கிள்லயோ போறவங்க, இப்ப செய்றதையே தொடரலாம்னு சொல்லியிருக்காங்க. ஆய்வுக்கு அது சரி. அதுல சேர்ந்தவங்க பெரும்பாலும் அலுவலக வேலைக்காரங்களும் அவங்க குடும்பமும். ஆனா கோடு எழுதுறவன் புத்திக்கு அந்த வரி ஒரு 'எல்ஸ்' மாதிரித் தெரிஞ்சுது. உக்காந்த வேலையா, நடங்க. இல்லையா, அப்படியே இருங்க. அந்த 'இல்லையா' பக்கத்துல இருக்கிறவங்களோட வேலையே பின்னாடி மாறிப்போனா யார் அப்டேட் பண்றது?

எங்க மாமா விசைத்தறி ஓட்டுறாரு. 12 மணி நேர ஷிஃப்ட், ஆறு தறி. ரெண்டு வருஷமா சுகர். டாக்டர் நடக்கச் சொன்னதுக்கு அவரு சொன்ன பதில்: "ஏனுங்க, நான் நாள் பூரா தறிக்கும் தறிக்கும் நடந்துட்டுத்தானுங்க இருக்கறேன். இதுக்கு மேல எங்கீங்க நடக்கறது?" டாக்டர் சிரிச்சுட்டு மாத்திரையை ஏத்தி எழுதிட்டாரு. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாப் பட்டுச்சு. அதுக்குப் பதில் தேடித்தான் இவ்வளவும் படிச்சேன்.

பதில் என்னன்னா, அந்த நடை கணக்குல வரும், ஆனா முழுசா வராது. தறிக்கு நடுவுல நாலடி வச்சு நின்னு, அறுந்த நூலை முடிஞ்சு, நாடா மாத்தி, மறுபடி நாலடி. கால் வலிக்கும், ஆனா மூச்சு வாங்காது. பாட்டுப் பாட முடியாத, ஆனா பேச முடியற அளவுக்கு மூச்சு வாங்கணும்ங்கிறதுதான் மிதமான உடற்பயிற்சிக்கு எளிமையான அளவு. தொழிற்சாலைல பாடுபடுறதும் விருப்பத்துக்கு உடற்பயிற்சி பண்றதும் உடம்புக்கு ஒண்ணு இல்லைன்னு கடந்த சில வருஷமா டென்மார்க் ஆய்வாளர்கள் நிறைய எழுதுறாங்க. ஒரே நிலைல நிக்கிறது, ஓய்வில்லாத நீண்ட நேரம், இதெல்லாம் இதயத்துக்கு நல்லது பண்றதில்லைங்கிறாங்க. அதனால மாமாவுக்கு 'ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க'னு சொல்றதும் தப்பு, 'நீங்க உழைப்பாளி, வேண்டாம்'னு சொல்றதும் தப்பு. சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் வேகமா, தறிச் சத்தத்துக்கு வெளிய. இப்படி மூணு வேளைக்கு மூணு. வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலகம் சொல்ற கணக்கு இதுலயே தாண்டிடும். ஆனா தறி ஓனர் அந்தப் பத்து நிமிஷத்தை விடணும். மீட்டர் கணக்குல கூலி வாங்குற ஆளுக்கு அது காசு. இதை எந்த டாக்டரும் பிரிஸ்கிரிப்ஷன்ல எழுத முடியாது.

அத்தைக்கு வேற பிரச்சினை. காலைல அஞ்சரை மணிக்கு ஷூ மாட்டிட்டு ஒரு பொம்பளை எங்க தெருவுல நடந்தா, 'யாருக்குக் காட்ட நடக்கறா'னு கேப்பாங்க. கோயிலுக்குப் போறேன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அதனால எங்க ஊர்ல நிறைய பொம்பளைங்களோட வாக்கிங், மலை அடிவாரத்துக்குப் போற நடைதான். புத்திசாலித்தனமான ஏற்பாடுன்னுதான் சொல்வேன். தமிழ்நாடு அரசு 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்'னு மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறிச்சுது. நல்ல திட்டம். ஆனா அங்க வர்றதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒரு டி-ஷர்ட்டும் வேணும்.

மலைனு சொன்னதும் செருப்புக்கு வரணும். அந்தப் பழைய பிரிஸ்கிரிப்ஷன்ல இன்னிக்கு நாம கண்டிப்பா எடுத்துக்கக் கூடாத ஒரே வார்த்தை, 'செருப்பு இல்லாம'. சர்க்கரை பல வருஷம் இருந்தா பாதத்துல உணர்ச்சி மங்கும். முள்ளு குத்தினாத் தெரியாது, வெயில்ல கொதிக்கிற கருங்கல்லு சுட்டாத் தெரியாது. புண்ணு வந்து, ஆறாம, விரலை எடுக்கிற வரைக்கும் போகும்.

இந்த விஷயத்தை உலகத்துக்குப் புரிய வச்ச ஆள்கள்ல ஒருத்தர் நம்ம பக்கத்துலயே பொறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914-ல கொல்லிமலைல மிஷனரி பெத்தவங்களுக்குப் பொறந்தார். வேலூர் சி.எம்.சி.-ல தொழுநோயாளிகளைப் பாத்தப்போ, அவங்க கால் விரல் அழுகுறது கிருமியால நேரா இல்லை, வலி தெரியாததால காலைப் பழுதாக்கிக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சார். அதுக்காக அடிப்பாகம் மெத்துன்னு இருக்கிற ரப்பர்ல செருப்பு செய்ய வச்சாங்க. இன்னிக்குச் சர்க்கரைக்காரருக்கு எம்.சி.ஆர். செருப்புனு கடைல கொடுக்கிறது அந்த வழில வந்தது. பிராண்ட் 1966-ல அமெரிக்கா போனப்புறம் இதே அறிவைச் சர்க்கரைக்காரங்க பாதத்துக்கும் கொண்டு போனார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற சொந்தக்காரங்க உங்க வீட்லயும் இருப்பாங்க. சுகர் இருந்தா செருப்பு போட்டுக்கிட்டு நடக்கச் சொல்லுங்க. முருகன் கோவிச்சுக்கமாட்டார். ராத்திரி தங்குற இடத்துல பாதத்தைத் திருப்பி வெளிச்சத்துல பாக்கச் சொல்லுங்க, தனக்குக் குனிய முடியலைன்னா கூட வர்றவங்க பாக்கணும்.

இன்சுலின் போடுறவங்களும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களும், வெறும் வயித்துல 1320 படி ஏறக் கூடாது. லாரன்ஸ் 1926-ல சொன்னது அங்க நடக்கும்: படபடப்பு, வேர்வை, கண் இருட்டு. இன்சுலின் போடுறவங்களுக்கு ஏறுறதுக்கு முன்னாடி சர்க்கரை 90-க்குக் கீழ இருந்தா முதல்ல ஏதாவது சாப்பிடணும். பையில குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கணும். கடுமையா உழைச்ச அன்னிக்கு ராத்திரியும் சர்க்கரை இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இந்தப் பயம் ரொம்பக் கம்மி. ஏறும்போது நெஞ்சு இறுக்கினா, கண்ணுல ரத்தக்குழாய் பிரச்சினை இருக்குனு சொல்லியிருந்தா, படியையும் பளு தூக்குறதையும் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான். நான் டாக்டர் இல்லை, படிச்சதைச் சொல்றவன்.

மாமா இப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வண்டில வர்றதை விட்டுட்டு நடந்து வர்றாரு. ஓனர்கிட்ட கேட்டு வாங்கின பத்து நிமிஷம் அது. ராத்திரி ஷிஃப்ட்ல அதுவும் கிடையாது.

அடுத்த எபிசோட்ல பைக்காரா கரண்ட் கொங்கு நாட்டுக்குள்ள எந்தெந்த வழில வந்துச்சுன்னு பாக்கலாம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஈரோடு, சேலம், திருப்பூர்ப் பக்கம் நெசவாளர் தெருவுல வளந்தவங்க யாராவது இருந்தா, உங்க ஊர்ல பாவடி இருந்த இடத்துல இப்ப என்ன இருக்குன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.